டொல்பின் வேன்: வலது ஹெட்லைட் செம்மஞ்சளாக் கிடக்கு, புது பல்ப் போட்டும் அதே கதை

கல்லடி_டீசல்

வணக்கம். 90களின் டொல்பின் (டொயோட்டா ஹயேஸ்), 12 வோல்ட், எச்4 பல்ப் (ஒண்டுக்குள்ளயே ஹைக்கும் டிம்முக்கும் இரண்டு இழை, மூண்டு முள்) 60/55 வாட். இடது லைட் டிம்மிலயும் ஹையிலயும் ஒழுங்கா எரியுது. வலது லைட் இரண்டிலயும் செம்மஞ்சளா, மெழுகுதிரி மாதிரி. டிம்மில கிடக்கேக்கயே, ஹை போட்டா மட்டும் எரிய வேண்டிய டாஷ்போர்ட் நீல லைட்டும் லேசாத் தெரியுது. பல்ப் புதுசு. இடது வலது மாத்திப் போட்டும் பாத்தாச்சு, குறை வலதுலதான் நிக்குது.

வலது சொக்கெட்டைக் கழட்டி, சுவிட்சை டிம்மில விட்டு, மல்டிமீற்றரால பொடிக்கும் (வேனின்ட இரும்பு உடம்பு) சொக்கெட்டுக்கும் பாத்த கணக்கு:

ஒரு முள் 12.2
இன்னொரு முள் 12.2
மூண்டாவது 0

டிம்மில ஒரு வயருக்குத்தானே கரண்ட் வரவேணும்? இரண்டில வருது. கொம்பினேஷன் சுவிட்ச் (ஸ்டியரிங்கில இருக்கிற லைட் சுவிட்ச்) உள்ளுக்க சோட் எண்டு சொல்றாங்க. பாவிச்ச சுவிட்ச் ஒண்டு வாங்கவா?

சம்மாந்துறை_கராஜ்

வாங்க வேணாம். சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. எர்த்தைக் கிளீன் பண்ணிப் பாருங்க முதல்ல.

வாவிக்கரை_வயரிங்

சுவிட்ச் நல்லது எண்டதோட ஒத்துப்போறன். எர்த் எண்டதோட இல்லை, காக்கா. இந்த வேனில ஹெட்லைட் பல்புக்குப் பக்கத்தில எர்த்தே கிடையாது.

பழைய டொயோட்டாக்களில, ஹயேஸ், ஹைலக்ஸ், லேண்ட் குரூசர் எண்டு பலதிலயும், ஹெட்லைட்டை மைனஸ் பக்கத்தாலதான் சுவிட்ச் பண்ணியிருப்பாங்க. பற்றரி பிளஸ் ரிலேக்கு (சின்னக் கரண்டால பெரிய கரண்டைத் திறந்து மூடுற சுவிட்ச்) போய், அங்கிருந்து இடதுக்கு ஒரு பியூஸ், வலதுக்கு ஒரு பியூஸ் எண்டு பிரிஞ்சு, ஒவ்வொரு பல்பின்ட பொது முள்ளுக்கும் வரும். டிம் வயரும் ஹை வயரும் பல்பில இருந்து ஸ்டியரிங் சுவிட்சுக்குத் திரும்பிப் போகும். சுவிட்ச் செய்யிற வேலை, அந்த இரண்டில ஒண்டை எர்த்தில தட்டுறது மட்டும்தான். இரண்டு பக்க டிம் வயரும் ஒண்டாச் சேர்ந்தது. ஹை வயரும் அப்பிடித்தான்.

இதை மனசில வச்சுக்கொண்டு உங்கட கணக்கைப் பாருங்க. மூண்டு முள்ளுக்கும் பேர் வைப்பம்: பொது முள் அ, ஹை ஆ, டிம் இ.

இ 0 காட்டினது சரி. சுவிட்ச் டிம்மில நிக்குது, அந்த வயர் எர்த்தில கிடக்கு.

ஆ 12.2 காட்டினதும் சரியே, ஆனா அது சுவிட்சால வந்தது இல்லை. இடது லைட் இன்னும் பூட்டியிருக்கு. இடது பக்க பிளஸ், இடது பல்பின்ட ஹை இழையால போய், பொதுவான ஹை வயரால சுத்தி வலது சொக்கெட்டுக்கு வந்து நிக்குது. இரண்டு சொக்கெட்டையும் கழட்டி, டாஷ்போர்ட் நீல லைட்டின்ட பல்பையும் எடுத்தா (அதாலயும் ஹை வயருக்கு பிளஸ் வரும்) ஆ 0 ஆயிடும். அந்த ஒரு கணக்கு போதும், சுவிட்ச் சோட் இல்லை எண்டதுக்கு.

மிச்சம் அ 12.2. அதுதான் ஏமாத்துது. மீற்றர் இழுக்கிற கரண்ட் ஒண்டுமே இல்லை எண்ட அளவு. நூல் போல ஒரு கம்பி மிஞ்சியிருந்தாலும், பச்சைக் களிம்பு ஈரமாக் கிடந்தாலும், மீற்றர் 12 காட்டும். 55 வாட் பல்புக்கு 4.6 அம்பியர் வேணும். அது களிம்பால வராது.

செய்ய வேண்டியது: வலது சொக்கெட்டைத் திருப்பிப் பூட்டி, லைட் எரியேக்க, சொக்கெட்டின்ட பின்பக்கத்தால வயரோட ஒட்டி மெல்லிய குண்டூசியை இறக்கி மூண்டையும் பொடிக்கு அளந்து போடுங்க. ஊசி இரண்டு முள்ளில ஒரேயடியாப் பட்டிடாமப் பாத்துக்கொள்ளுங்க.

கல்லடி_டீசல்

இரண்டையும் கழட்டி, நீல லைட் பல்பையும் எடுத்துப் பாத்தன், நீங்க சொன்னபடி ஆ 0, அ மட்டும் 12.2.

வலதைப் பூட்டி, டிம்மில, எஞ்சின் நிப்பாட்டி:

அ 4.6
ஆ 8.4
இ 0.2

பற்றரியில 12.3.

வாவிக்கரை_வயரிங்

முடிஞ்சுது. வலது பிளஸ் வயர் அறுந்த கணக்கு.

கரண்ட் போற வழி இது: இடது பிளஸ், இடது ஹை இழை, பொதுவான ஹை வயர், வலது ஹை இழை, வலது பொது முள், வலது டிம் இழை, எர்த். மூண்டு இழை தொடுத்தபடி. 12 வோல்ட்டை மூண்டாப் பங்கு போட்டா ஆளுக்கு 4 வோல்ட் அளவு. உங்கட கணக்கில முதல் இழைக்கு 3.8, இரண்டாவதுக்கு 3.8, மூண்டாவதுக்கு 4.4. அந்தச் செம்மஞ்சள் இதுதான். ஹையில போட்டாலும் இதே வழி மறுபக்கமாச் சுத்தும், அதாலதான் இரண்டிலயும் ஒரே மங்கல். நீல லைட்டுக்கும் அந்த 4 வோல்ட்தான் கிடைக்குது.

இந்த வகை வாகனங்களில ஒரு பக்க ஹெட்லைட் பியூஸ் போனாலும் இதே அடையாளம்தான். பியூஸ் போச்செண்டா அந்தப் பக்கம் முழு இருட்டா இருக்கும் எண்டு நினைச்சு, மங்கலா எரியிறதைக் கண்டதும் பியூஸைப் பார்க்காமலே விட்டிடுவாங்க.

படுவான்கரை_87

அப்ப சுருக்கு வழி ஒண்டு இருக்கே. இடது பக்கப் பொது வயரில இருந்து வலதுக்கு ஒரு வயர் இழுத்துவிட்டா அஞ்சு நிமிச வேலை.

சம்மாந்துறை_கராஜ்

எரியும். ஆனா செய்யாதீங்க. அப்ப ஒரு பியூஸால இரண்டு பல்பும். ஹையில 10 அம்பியர். அங்க 10 அம்பியர் பியூஸ் கிடந்தா சூடேறிச் சூடேறி ஒரு நாள் போகும். அதுக்குப் பிறகு ஆராவது 20 போடுவான், இல்லாட்டி வெள்ளிக் கடதாசி சுத்துவான். மெல்லிசு வயர் உருகும்.

இரண்டு பியூஸ் வச்சதுக்கு காரணம் இருக்கு. மகாஓயாப் பக்கம் ராவில போகேக்க ஒண்டு போனா மற்றது மிஞ்சணும். இரண்டும் ஒரேயடியாப் போனா யானை நிக்கிறது தெரியாது.

வாவிக்கரை_வயரிங்

காக்கா சொல்றது சரி. அறுந்த இடத்தைத் தேடுங்க. தேடுறதுக்கு மீற்றர் மட்டும் காணாது, ஒரு பாரம் வேணும். 21 வாட் சிக்னல் பல்ப் ஒண்டு, அதுக்கு ஒரு ஹோல்டர், இரண்டு முழ வயர், நுனியில முதலைக் கிளிப். இது 1.75 அம்பியர் இழுக்கும். எல்ஈடி ரெஸ்டர் இந்த வேலைக்கு உதவாது, களிம்புக் கம்பியிலயும் பளிச்செண்டு எரியும்.

இரண்டு சொக்கெட்டையும் கழட்டுங்க. வலது சொக்கெட் அ முள்ளுக்கும் நல்ல எர்த்துக்கும் இடையில சிக்னல் பல்பைக் கொழுவி லைட் சுவிட்சைப் போடுங்க. பல்ப் எரியாது. அது அப்பிடியே கொழுவிக் கிடக்க, மீற்றரின்ட கறுப்பை பற்றரி மைனஸில வச்சுக்கொண்டு சிவப்பால பின்னுக்கு நடங்க. முதல் நிறுத்தம் பியூஸ் பெட்டி. வலது ஹெட் பியூஸின்ட முதுகில இரண்டு சின்ன வெட்டு இருக்கும், பியூஸைக் கழட்டாமலே இரண்டிலயும் தொடலாம்.

இரண்டிலயும் 12: பியூஸுக்கு அப்பால வயர்.
ஒண்டில 12 மற்றதில 0: பியூஸ்தான். கண்ணுக்கு நல்லதாத் தெரிஞ்சாலும் மாத்துங்க.
இரண்டிலயும் 0: பியூஸ் பெட்டியின்ட உள்முள் கறுத்திருக்கும், இல்லாட்டி ரிலேயில இருந்து வாற வயர்.

மறுகா வழியில கிடக்கிற ஒவ்வொரு கொனெக்டரிலயும் பின்பக்கத்தால. 12 இருந்த கடைசி இடத்துக்கும் 0 ஆன முதல் இடத்துக்கும் நடுவிலதான் ஆள் இருக்கு. நடுவழியில வயரின்ட தோலைக் குத்திப் பார்க்காதீங்க. கல்லடிக் கடற்காத்துக்கு அந்த ஊசி ஓட்டை போதும், அடுத்த மாரிக்குள்ள அந்த இடமும் பச்சையாகிடும்.

அக்கரை_24

இடையில கேட்கிறன், மன்னிக்கணும். இசுசு எல்ஃப், 24 வோல்ட். இரண்டு பக்கமும் ஹெட்லைட் பல்ப் அடிக்கடி போகுது. இதே முறையில பார்க்கலாமா?

சம்மாந்துறை_கராஜ்

உங்கட கேஸ் வேற. மங்கினா வோல்ட் குறைவு, அடிக்கடி போனா வோல்ட் கூட. எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் ரேஸ் பண்ணி பற்றரி இரண்டுக்கும் சேர்த்து அளங்க. 27.5 முதல் 28.5 வரைக்கும் சரி. 29 தாண்டினா பற்றரியைச் சார்ஜ் பண்ற ஓல்டனேட்டரின்ட ரெகுலேட்டர் பழுது. 12 வோல்ட் வாகனத்துக்கு 14.8க்கு மேல போகக்கூடாது.

வோல்ட் 5 வீதம் கூடினாலே பல்பின்ட ஆயுள் கிட்டத்தட்டப் பாதி. எண்ணெய்க் கையால கண்ணாடியில தொட்டாலும் போகும், பிளாஸ்டிக் உறையோட பிடிச்சுப் பூட்டுங்க.

இன்னொண்டு. பாட்டுப் பெட்டிக்கு ஒரு பற்றரியில இருந்து மட்டும் 12 எடுத்திருக்கா? அப்பிடி எண்டா ஒரு பற்றரி இறங்கும், மற்றது கூடச் சார்ஜாகிக் கொதிக்கும். தனித்தனியா அளந்து பாருங்க, அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா அதுதான்.

அக்கரை_24

29.6. ரெகுலேட்டர் பார்க்கிறன். நன்றி காக்கா.

கல்லடி_டீசல்

கண்டுபிடிச்சாச்சு. பியூஸ் இரண்டு பக்கமும் 12.1. சொக்கெட்டில 0.1. வலது லைட்டுக்குப் பின்னால இன்சுலேஷன் ரேப் சுத்தின கட்டுக்குள்ள, முந்தி ஃபொக் லைட்டுக்கு இழுத்த ஒரு ஒட்டு. வயரை வெட்டாமல் குத்திப் பிடிக்கிற நீலப் பிளாஸ்டிக் கிளிப். திறந்தா உள்ளுக்க பச்சை மா போல கொட்டுது, கம்பி இரண்டு மூண்டு இழைதான் மிச்சம், அதுவும் தொட்டதும் போயிட்டுது. ஃபொக் லைட் இப்ப வாகனத்தில இல்லை.

அந்த இடத்தை வெட்டி முறுக்கி ஈயம் வச்சா போதுமா?

வாவிக்கரை_வயரிங்

ஈயம் பிடிக்காது. களிம்பு கிளிப்போட நிக்கிறதில்லை, தோலுக்குள்ளால இரண்டு பக்கமும் ஏறியிருக்கும். கறுத்த செம்பில ஈயம் உருண்டு விழும். சுரண்டிச் சுரண்டிப் பிடிக்க வச்சாலும், ஒட்டின விளிம்பில கம்பி விறைச்சுப் போய் குலுக்கத்துக்கு அங்கேயே முறியும்.

இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் ஒரு அங்குலமா வெட்டிக்கொண்டு போங்க, செம்பு பளபளப்பா வரும் மட்டும். சொக்கெட் பக்கம் பெரும்பாலும் முள் வரைக்கும் கறுத்திருக்கும். அப்பிடி எண்டா பழைய சொக்கெட்டை வச்சு மினக்கெடாதீங்க. பீங்கான் எச்4 சொக்கெட் வயரோட கடையில கிடைக்கும். அதில வந்த வயர் சிலதில தலைமயிர் மாதிரி மெல்லிசு. தடிப்பாப் பார்த்து எடுங்க.

இடைத்துண்டுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர், பல இழை உள்ள வாகன வயர். வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கிற ஒற்றைக் கம்பி வேணாம், ஆட்டத்துக்கு முறியும். ஒட்டுக்கு செம்புக் குழாய் ஜொயின்டரை கிரிம்பிங் கைக்கருவியால நசிச்சு, மேல உள்ளுக்க பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். சூடாக்கேக்க இரண்டு நுனியாலயும் பசை கொஞ்சம் வெளிய வந்து நிக்கவேணும், அப்பதான் தண்ணி போகாது. குழாயை வயரில முதலே கோர்த்திட்டு நசிங்க. கறுப்பு ரேப் மட்டும் சுத்தினா வெயிலுக்குப் பசை இளகி, மழைக்குத் தண்ணி பிடிச்சு வைக்கும். உங்கட ரேப் கட்டுக்குள்ள நடந்தது அதுதான்.

வயர் சொக்கெட்டுக்குப் போகேக்க கீழ ஒருக்கா தொங்கி மேல ஏறுற மாதிரி விடுங்க. தண்ணி சொக்கெட்டுக்கு ஓடாமல் தொங்கல்ல சொட்டிடும். பல்பின்ட ரப்பர் மூடி வெடிச்சிருந்தா அதையும் மாத்துங்க. முள்ளுகளுக்கு லேசா வஸலின்.

படுவான்கரை_87

இவ்வளவு செய்யிறதுக்கு 100/90 வாட் பல்ப் இரண்டு போட்டா ஊரே தெரியுமே.

சம்மாந்துறை_கராஜ்

90 வாட் எண்டா ஒண்டுக்கு 7.5 அம்பியர். டிம்மில இரண்டுக்கும் 15. இந்த வேனில அந்த 15ம் ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற சின்னச் செம்புத் தகட்டால போகணும். பிளாஸ்டிக் உருகின பிறகு வாசம் வரும், அப்ப தெரியும். சொக்கெட்டும் கருகும். பழைய ரிஃப்ளெக்டரின்ட வெள்ளிப் பூச்சும் கறுக்கும்.

மருதமுனை_எல்ஈடி

எல்ஈடி போட்டா அம்பியர் பிரச்சினையே இல்லையே?

வாவிக்கரை_வயரிங்

மைனஸ் சுவிட்ச் வாகனத்துக்கு எல்லா எல்ஈடியும் சரிவராது. மலிவானது பொது முள்ளை எர்த் எண்டு நினைச்சுச் செய்தது. இங்க அந்த முள்ளில பிளஸ் வருது. எரியாது, இல்லாட்டி டிம்மும் ஹையும் ஒண்டாக் குழம்பி எரியும். இரண்டு வகைக்கும் ஓடுறது இருக்கு, கேட்டு வாங்கவேணும். அப்பிடியே வாங்கினாலும் ஹலஜன் இழைக்கு அளவெடுத்துச் செய்த ரிஃப்ளெக்டரில எல்ஈடிச் சில்லு அதே புள்ளியில நிக்காட்டி வெளிச்சம் சிதறி எதிர்ல வாறவன்ட கண்ணில அடிக்கும். கல்முனை றோட்டில சைக்கிளும் ஓட்டோவும் வாற நேரத்தில அது நல்லதில்லை. என்ட எண்ணம்: நல்ல வோல்ட் கிடைக்கிற 55 வாட் போதும்.

கல்லடி_டீசல்

வலது லைட் வந்திட்டுது, இடதைப் போலவே. நீல லைட்டும் டிம்மில அணைஞ்சு கிடக்கு. எஞ்சின் ஓட, டிம்மில எடுத்த கணக்கு:

பற்றரி 13.9
வலது அ 12.6, இடது அ 12.5
இ 0.5

இது போதுமா?

வாவிக்கரை_வயரிங்

போதாது. 12.6இல 0.5 கழிச்சா வலது பல்புக்கு உண்மையில கிடைக்கிறது 12.1. வழியில 1.8 வோல்ட் தொலையுது. வெளிச்சம் வோல்ட்டோட நேர்க்கணக்கில குறையிறதில்லை, கிட்டத்தட்ட வோல்ட்டின்ட 3.4ஆம் அடுக்காக் குறையும். 13.9இல 12.1 எண்டா வோல்ட்டில 13 வீதம்தான் குறைவு, வெளிச்சத்தில 40 வீதத்துக்குக் கிட்டக் குறைவு. கண் பழகியிருக்கும், அதால தெரியாது.

எங்க தொலையுது எண்டு துண்டு துண்டா அளங்க. இந்தமுறை எர்த்துக்கு இல்லை, துண்டின்ட இரண்டு நுனிக்கும் இடையில, லைட் எரியேக்க. பற்றரி பிளஸ் முதல் ரிலேயின்ட 30 வரை (ரிலேயில முள்ளுக்கு எழுதியிருக்கிற இலக்கம்: 30 பிளஸ் உள்ள வாறது, 87 வெளிய போறது). ரிலே 30 முதல் 87 வரை. பியூஸின்ட இரண்டு முதுகு. பியூஸ் முதல் அ வரை. திரும்பி வாற பக்கம்: இ முதல் சுவிட்சின்ட எர்த் வயர் வரை, அங்கிருந்து பற்றரி மைனஸ் வரை. ரிலே, பியூஸ், எர்த் முனை எண்ட ஒவ்வொரு இணைப்பும் 0.1க்குள்ள நிக்கவேணும். வயர் நீளத்துக்கு 0.2, 0.3 விடலாம்.

கல்லடி_டீசல்

பற்றரி–30: 0.3
30–87: 0.6
பியூஸ்: 0.1
பியூஸ்–அ: 0.3
இ–சுவிட்ச் எர்த்: 0.3
எர்த்–பற்றரி மைனஸ்: 0.2

சம்மாந்துறை_கராஜ்

ரிலே. உள்ளுக்கத் தொடுமுனை கருகியிருக்கு. திறந்து உரஞ்சினா கொஞ்ச நாள் ஓடும், புதுசு போடுறது நல்லம். எர்த் 0.2க்கு, டாஷுக்குக் கீழ பொடியில பூட்டின போல்ட்டைக் கழட்டி, பெயின்ட் போய் இரும்பு தெரிய உரஞ்சி, பல்லு வாஷர் போட்டு இறுக்கி மேல கிரீஸ் பூசுங்க. பூசினாப் பிறகு பூட்டுறது இல்லை, பூட்டினாப் பிறகு பூசுறது.

சுவிட்ச் 0.3ஐ இப்ப விடுங்க. ஸ்டியரிங் சுவிட்சைக் கழட்டினா உள்ளுக்க கடுகு மாதிரி ஒரு உருளையும் ஸ்பிரிங்கும் பாயும். தேடிக்கொண்டு இருக்கணும்.

கல்லடி_டீசல்

ரிலே மாத்தி எர்த்தும் செய்தாச்சு. பற்றரி 13.9, வலது பல்புக்கு இப்ப 12.8. வித்தியாசம் கண்ணுக்கே தெரியுது. இன்னும் கூட்டலாமா?

வாவிக்கரை_வயரிங்

கூட்டலாம். பல்புக்குப் போற கரண்டை பழைய வயரிங்கில இருந்து முழுசாப் பிரிச்சு எடுத்தா 13.4 வரைக்கும் வரும். நாலு முள் 30 அம்பியர் ரிலே இரண்டு வேணும், ஒண்டு டிம், ஒண்டு ஹை. பழைய வலது சொக்கெட்டை இனிப் பல்பில பூட்டாமல் கட்டளைக்கு மட்டும் வச்சிருங்க. 85, 86 இரண்டும் ரிலேயை இழுக்கிற சுருளின்ட முள். அ வயர் இரண்டு ரிலேயின்டயும் 86க்கு. இ வயர் டிம் ரிலேயின்ட 85க்கு, ஆ வயர் ஹை ரிலேயின்ட 85க்கு. டயோட் உள்ள ரிலேயில 86தான் பிளஸ் பக்கம், மாறிக் கொடுத்தா டயோட் போயிடும். பற்றரி பிளஸில இருந்து தனித்தனியா 15 அம்பியர் பியூஸோட 30க்கு. பியூஸ் பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கவேணும், அதுக்கு அப்பால வயர் உரஞ்சி பொடியில பட்டாலும் பியூஸ் காப்பாத்தும். 87இல இருந்து இரண்டு பக்க பல்புக்கும் 2.5 வயர். பல்பின்ட பொது முள் இப்ப எர்த்துக்குப் போகுது, அதுவும் 2.5, பற்றரி மைனஸ் வரைக்கும் இழுத்தா இன்னும் நல்லம்.

டிம் பியூஸ் போனாலும் ஹை எரியும், அதால காக்கா சொன்ன இருட்டுப் பயம் இதில குறைவு. ரிலேக்களை முள் கீழ பார்க்கப் பூட்டுங்க. பழைய இடது சொக்கெட்டை மூடிக் கட்டுங்க, அதில இன்னும் பிளஸ் வரும்.

சம்மாந்துறை_கராஜ்

ஸ்டியரிங் சுவிட்சுக்கும் இனி அரை அம்பியர் கூட வராது. அந்த 0.3 அதோட முடியும்.

வயர் இழுக்க முதல் இடது பக்கத்து ரேப் கட்டையும் அவிழ்த்துப் பாருங்க. ஃபொக் லைட் எண்டா இரண்டு பூட்டியிருப்பான். மற்ற நீலக் கிளிப் அங்கதான் கிடக்கும்.

கல்லடி_டீசல்

கிடக்கு. ஹோர்னுக்குப் பக்கத்தில. இன்னும் பச்சை ஏறல, ஓரத்தில வெள்ளை மட்டும். வெட்டி எடுத்தாச்சு.